தறியும் அலைவரிசையும்: கல்முனைக் கரையோரச் சிறு வணிகமும் தலைமுறைசார் விளம்பரமும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவிலே, பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனை எதிர்ப்படும். அங்கிருந்து பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் தொடர்கின்றன. நெல்லும் மீனும் தறியும் இவ்வூர்களின் பழைய பொருளாதாரத் தளங்கள். 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதன் பின்னரும், வணிக நிலையில் இக்கரையோரத்தின் நடுநாயகமாக விளங்குவது கல்முனையே.

இவ்வூர்களின் சிறு வணிகர், குறிப்பாக மருதமுனைக் கைத்தறி நெசவாளர், தம் பொருளை ஒரு குறிப்பிட்ட தலைமுறையினரிடம் வெகுசனத் தொடர்பு சாதனங்களின் வழியாக எவ்வாறு கொண்டுசெல்லலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை வெறும் வியாபார உத்தி பற்றிய வினாவாகக் கொள்ளக்கூடும். ஆயின் சாதனம் யாருடைய உடைமை, அதற்குரிய கூலியை யார் கொடுக்கின்றனர், அதன்வழி பரவும் சொல்லுக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களை விலக்கிவிட்டு இதற்கு விடை காண இயலாது. எனவே வரலாற்று அடிப்படையில் இதனை நோக்குதல் அவசியமாகின்றது.

1. தலைமுறை என்னும் கருத்து

இன்றைய விளம்பர நூல்கள் மக்களைப் பிறந்த ஆண்டு கொண்டு வகுக்கின்றன. 1997 முதல் 2012 வரை பிறந்தோரை 'இசட் தலைமுறை' என்று அழைக்கும் வழக்கம் அவற்றுள் ஒன்று. இவ்வெல்லையை வகுத்தோருள் முக்கியமான அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம், 2001 செப்டெம்பர் 11 நிகழ்வை நினைவில் வைத்திருக்கும் வயதினரையும் அல்லாதோரையும் பிரித்துக் காட்டுவதையே தன் காரணங்களுள் ஒன்றாகக் கூறிற்று. அமெரிக்கச் சமூக அனுபவமொன்றினடியாகப் பிறந்த எல்லைக்கோடு அது. 2023ஆம் ஆண்டு அந்நிலையமே இத்தகைய தலைமுறைப் பெயர்களை இனி மிகுந்த எச்சரிக்கையுடனேயே கையாளப்போவதாக அறிவித்தது.

தலைமுறை பற்றிய சமூகவியற் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர் கார்ல் மான்ஹைம். 1928இல் வெளிவந்த தமது கட்டுரையில் அவர், ஒரே காலத்திற் பிறந்திருத்தல் மட்டும் ஒரு கூட்டத்தாரைத் தலைமுறை ஆக்கிவிடாது என்றும், இளமையிலே ஒரே வரலாற்று அதிர்வுகளுக்கு உள்ளாகுதலே அவர்களை ஒன்றிணைக்கின்றது என்றும் விளக்கினார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் கல்முனைக் கரையோரத்தின் தலைமுறை எல்லைகள் வேறாக அமையும். 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரம், 1985ஆம் 1990ஆம் ஆண்டுகளின் இன வன்செயல்கள், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2009இல் யுத்தத்தின் முடிவு, 2018ஆம் 2019ஆம் ஆண்டுகளின் வெறுப்புப் பிரசாரம், 2022இன் பொருளாதார நெருக்கடி என்பனவே இங்குள்ளோரின் உணர்வை வகுத்த கோடுகள். இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மடிந்தனர். அவ்வாண்டில் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை இன்று வாங்கும் வல்லமை பெற்ற இளைஞன் அல்லது யுவதி. பிற நாட்டுப் பெயரொன்றை இவர்கள்மீது ஒட்டி, பிற நாட்டு விளம்பரத்தை நகல்செய்யும் வணிகன் தன் வாடிக்கையாளனை அறிந்தவன் ஆகான்.

2. வானொலித் தலைமுறை கற்பித்த பாடம்

இக்கரையோரத்தில் ஒரு தலைமுறை முழுவதையும் ஒருசேரப் பற்றிக்கொண்ட முதற் சாதனம் வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது. 1950இல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் 1952 முதல் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தியமையும், அவ்வானொலி 1967 வரை வர்த்தக விளம்பரங்களை ஏற்காதிருந்தமையும் இலங்கை வானொலிக்கு வாய்ப்பாக அமைந்தன. 1952இல் அமீன் சயானியின் குரலில் ஆரம்பமான 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி, ஒரு பற்பசையின் பெயரை உபகண்டம் முழுவதும் பரப்பிற்று. தமிழில் எஸ். பி. மயில்வாகனமும், அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோரும் பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் அறியப்பட்ட குரல்களாயினர்.

இவ்வெற்றியின் இயக்கத்தை நுணுகி நோக்கவேண்டும். பற்பசையின் குணத்தைப் பத்துத் தரம் கூறியதனால் அது விலைபோகவில்லை. கேட்போர் கிழமைதோறும் காத்திருக்கும் ஒரு நிகழ்ச்சியோடு பொருளின் பெயர் இணைக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியைக் கேட்போர் நம்பும் ஒரு குரல் நடத்திற்று. கேட்போர் அஞ்சலட்டை எழுதித் தம் பெயரும் ஊரும் வாசிக்கப்படக் கேட்டனர். காத்திருப்பு, நம்பிக்கை, பங்கேற்பு ஆகிய மூன்றுமே அவ்விளம்பரத்தின் உயிர்நிலை. பின்வந்த சாதனங்கள் எவையும் இம்மூன்றுக்கு வெளியே சென்றுவிடவில்லை.

ஆயின் அக்காலத்தில் வானொலியின் நேரத்தை விலைக்கு வாங்கக்கூடியவர்கள் சவர்க்காரமும் பற்பசையும் செய்த பெருங் கம்பனிகளே. தனியொரு நெசவாளனுக்கு அது எட்டாக் கனி. அவன் சாரத்தையும் சேலையையும் எடுத்துச் சென்றவர்கள் கடைகடையாக ஏறியிறங்கும் தரகர்களும், துணி மூட்டையைச் சுமந்து ஊரூராகத் திரிந்த பொட்டணி வியாபாரிகளுமே. பெருநாட் காலமும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்று விழாவும், நெல் அறுவடை முடிந்த மாதங்களும் அவனுடைய விற்பனைப் பருவங்கள். கொழும்பின் விளம்பர நாட்காட்டி மாதச் சம்பளக்காரனைக் கருதி அமைந்தது. கல்முனையின் வாங்கும் நாட்காட்டியோ பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் பிறையையும் சார்ந்தது. இவ்வேறுபாடு இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

3. 1977இன் பின்னர்

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் நெசவுக்கு ஓர் அரணாக விளங்கியது. அக்காலத்தில் தட்டுப்பாடாக இருந்தது துணியே. வாங்குவோர் தாமாக வந்தனர். விளம்பரத்தின் தேவை எழவில்லை. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. விலைகுறைந்த வெளிநாட்டுத் துணி சந்தையை நிறைத்தது. தறியின் ஓசை பல வீடுகளில் அடங்கிற்று. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் அனுப்பிய பணம் மறுபுறத்தில் நுகர்வுப் பழக்கத்தை மாற்றியது.

இதே வேளையிலேயே தொலைக்காட்சியும் வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. வானொலியில் கேட்டுக் கற்பனை செய்யப்பட்ட பொருள் இப்போது வண்ணத்தில் காட்டப்பட்டது. காட்சி விளம்பரத்தின் செலவு ஒலி விளம்பரத்தினதைக் காட்டிலும் பன்மடங்கு. எனவே சாதனம் வளர வளரச் சிறு உற்பத்தியாளன் அதிலிருந்து மேலும் விலகலானான். 1998இல் சக்தி, சூரியன் முதலிய தனியார் தமிழ் அலைவரிசைகள் தோன்றியபோது விளம்பர நேரம் பெருகிற்று. ஆயினும் நாடு முழுவதற்கும் விலை கொடுத்து நான்கு ஊரில் மட்டும் விற்கும் வணிகனுக்கு அது இலாபகரமானதன்று. ஒரு சாதனம் எத்தனை பேரைச் சென்றடைகின்றது என்பது பெருங் கம்பனியின் வினா. சென்றடைந்தோருள் எத்தனை பேர் தன் கடைவாசலுக்கு வரக்கூடியவர் என்பதே சிறு வணிகனின் வினாவாக இருத்தல் வேண்டும்.

4. கைபேசித் தலைமுறை

ஆழிப்பேரலைக்குப் பின் வளர்ந்தோரின் சாதனம் கைபேசி. முகநூல், யூடியூப், டிக்டொக், வாட்ஸ்அப் ஆகியன இவர்களது வானொலியும் சந்தையும் திண்ணையும் ஆயின. சிறு உற்பத்தியாளனுக்கு இங்கு முதன்முறையாக ஒரு வாசல் திறந்துள்ளது என்பதை மறுத்தலாகாது. தறியில் பாவு ஓடும் காட்சியை நெசவாளனின் மகளே ஒரு நிமிடப் படமாக எடுத்துக் கண்டியிலுள்ள ஒருவருக்கோ, கட்டாரிலுள்ள உறவினருக்கோ காட்டலாம். தரகனின் இடை நீங்குகின்றது. நூலுக்குச் சாயமேற்றுவது முதல் துணியை மடித்துக் கட்டுவது வரை, உழைப்பைப் பொருளோடு சேர்த்துக் காட்டும் வாய்ப்பு முன்னெப்போதும் அவனுக்கு இருந்ததில்லை.

ஆனால் ஒரு தரகன் நீங்கிய இடத்தில் வேறொரு தரகன் அமர்ந்திருக்கின்றான். 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் காட்டிலும் நண்பர், உறவினரின் பதிவுகளுக்கு முதலிடம் அளிக்கப்போவதாக அறிவித்தது. பல ஆண்டு உழைப்பிற் சேர்த்த ஆயிரக்கணக்கான பின்தொடர்வோரைச் சென்றடையப் பணம் செலுத்தவேண்டிய நிலை வணிகருக்கு வலுப்பெற்றது. நிலமில்லாத குடியானவன் கொடுக்கும் குத்தகையை ஒத்தது இது. குத்தகையை உயர்த்தும் உரிமை நிலவுடைமையாளன் கையிலேயே இருக்கின்றது. இதற்குப் பரிகாரமாக, வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்தம் சம்மதத்துடன் தன் கைவசக் குறிப்பேட்டில் வைத்திருத்தல் அவசியம். பக்கம் நாளை மறைந்தாலும் அக்குறிப்பேடு மறையாது. தனியாள் தரவுகளைக் காப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளமையையும், பெற்ற இலக்கங்களைப் பிறருக்குக் கைமாற்றுதல் முறையன்று என்பதையும் இவ்விடத்து நினைவிற் கொள்க.

இக்கரையோரத்துக்கே உரிய இன்னொரு சமூகக் கூறும் உண்டு. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு நெடுங்காலம் ஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாகக் காட்டியுள்ளவாறு, இங்குள்ள தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகின்றார். ஆகவே வீட்டுக்குரிய துணி, தளபாடம், பாத்திரம் என்பவற்றின் தெரிவில் தாய்க்கும் சகோதரிகளுக்கும் இருக்கும் பங்கு பெரிது. கைபேசியிற் பொருளைக் காண்பவள் இருபது வயது யுவதி. அதனை வாங்குவதென முடிவு செய்வது அவள் தாயும் சாச்சியும் பெரியம்மாவும் கூடியிருக்கும் விறாந்தை. இளையோரை நோக்கிய விளம்பரம் அவ்விறாந்தையில் வெட்கமின்றிக் காட்டத்தக்கதாய், விலையும் அளவும் மறைக்காததாய் இருத்தல் வேண்டும். தலைமுறையைத் தனித்து நிற்கும் தனியாட்களின் திரளாகக் கருதும் மேலைநாட்டு முறை இங்குப் பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

5. அம்பாறை, 2018: சாதனத்தின் மறுமுகம்

வாடிக்கையாளரைக் கொண்டுவரும் அதே சாதனம் வணிகனை அழிக்கவும் வல்லது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவிற் காணப்பட்ட கட்டியொன்று கருத்தடை மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் நன்கறியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றோரின் கேள்விக்குத் தடுமாறிக் கூறிய விடை ஒப்புதல் வாக்குமூலம் போலப் படமாக்கப்பட்டு முகநூலிற் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி மாவுப் பொருளேயன்றி மாத்திரை அன்று என்பது பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் வெளியாயிற்று. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. ஆயின் அவ்வுண்மை வருமுன்னரே, மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டு, அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கவேண்டியதாயிற்று. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம், இவ்வன்செயலில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது.

2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர் நிலைமை மேலும் கடுமையாயிற்று. அக்கொடுஞ்செயலோடு எவ்வகைத் தொடர்புமற்ற கடைகளையும் புறக்கணிக்குமாறு கைபேசி வழியே பிரசாரம் நடந்தது. 'இசட் தலைமுறைக்கு விற்பது எவ்வாறு' என்று கேட்கும் நூல்களில் இவ்வத்தியாயம் இல்லை. சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த சிறு வணிகனுக்கோ இதுவே முதலாம் அத்தியாயம். அவனுக்கு விளம்பரம் என்பது விற்பனைக்கான கருவி மட்டுமன்று. தான் யார், தன் பொருள் எத்தகையது என்பதை அயலவர்க்கு முன்கூட்டியே அறிவித்து வைக்கும் தற்காப்பும் ஆகும்.

அம்பாறை நிகழ்விலிருந்து பெறத்தக்க பாடம் மொழி பற்றியது. அக்கடைக்காரர் சரளமாகச் சிங்களம் பேசக்கூடியவராக இருந்திருப்பின் வன்செயல் நிகழ்ந்திராது என்று நாம் கூறவரவில்லை. வெறுப்புக்குக் காரணம் அவரது மொழியறிவின்மை அன்று. ஆயினும் பிற இனத்து வாடிக்கையாளரோடு அவர்தம் மொழியிற் பேசும் உறவு முன்னமே இருந்தால், பொய் பரவும் வேளையில் 'அக்கடையை நான் அறிவேன்' என்று சாட்சி சொல்லச் சிலராவது இருப்பர். மருதமுனைச் சேலையை அணியும் சிங்கள ஆசிரியையும், சாரத்தை வாங்கும் தமிழ் விவசாயியும் அத்தகைய சாட்சிகள்.

6. செய்யத்தக்கவை

மேற்கூறிய ஆய்வினடியாகச் சில நடைமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, சாதனத்தைத் தெரியுமுன் வாங்குவோனைத் தெரிதல் வேண்டும். அறுபது வயதைக் கடந்தோர்க்கு இன்றும் வானொலியும், கடைவாசலில் முகமறிந்து பேசும் பேச்சும் வலியன. இளையோர்க்குக் குறும்படமும் வாட்ஸ்அப் செய்தியும் வலியன. ஒரே விளம்பரம் இரு சாராரையும் பற்றாது.

இரண்டாவது, காலம். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் துணி விளம்பரம் தொடங்குவோன் பிந்திவிட்டான். தையலுக்குரிய அவகாசத்தையும் கணக்கிடவேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலுக்கும் பொதுநன்மைக்கும் உரியது என்னும் ஊர் மரபை மதித்து, வணிகத்தை அதற்குரிய இடத்திலேயே வைத்தலும் நம்பிக்கையை வளர்க்கும்.

மூன்றாவது, கணக்கு. உதாரணமாக ஒரு சேலையில் 600 ரூபா மிஞ்சும் நெசவாளர் ஒருவர் 5,000 ரூபாவுக்கு முகநூல் விளம்பரம் செய்கின்றார் என்று கொள்வோம். நூறு பேர் விசாரித்துப் பத்துப் பேர் வாங்கினால் மிச்சம் 6,000 ரூபா. விளம்பரச் செலவு நீங்கக் கைக்கு வருவது 1,000 ரூபாவே. அப்பத்துப் பேரில் நால்வர் அடுத்த பெருநாளுக்குத் தாமாகவே திரும்பி வந்தால், செலவின்றி 2,400 ரூபா கிடைக்கும். ஆகவே புதியவரைத் தேடுவதினும் வந்தவரைத் தக்கவைத்தலே சிறு மூலதனத்துக்கு ஏற்றது. ஏழு பேருக்குக் குறைவாக வாங்கும் நாள் எதுவோ, அன்று விளம்பரத்தை நிறுத்திவிட்டு விசாரித்த மற்றையோர் ஏன் வாங்கவில்லை என்பதை ஆராய்தல் வேண்டும்: ஒன்பது பேர் வாங்கினால் மட்டுமே முதல் திரும்புகின்றது என்பதால், ஏழில் ஏற்படுவது 800 ரூபா நட்டம்.

நான்காவது, மொழி. பொருளின் பெயர், விலை, அளவு, துவைக்கும் முறை என்பன தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். வெளிநாடு செல்லும் பொருளுக்கு ஆங்கிலமும் வேண்டும். ஊர்ப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எப்போதும் எழுதினால் தேடுவோர்க்குக் கிட்டும்.

ஐந்தாவது, வாய்மை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்கும் ஒருவன் ஊரின் பெயரையே விற்கின்றான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொய்யான விளம்பரத்தைத் தடைசெய்கின்றது. ஆயினும் சட்டத்தினும் விரைவாகத் தண்டிப்பது இளையோரின் கைபேசி.

ஆறாவது, கூட்டு முயற்சி. தனியொரு நெசவாளனால் வானொலி நேரத்தை வாங்க முடியாதிருந்தது போன்றே, தனியொருவனால் நல்ல படப்பிடிப்பும் சிங்கள எழுத்தும் இடையறாத பதிலும் வழங்குதல் அரிது. பத்துத் தறிக்காரர் ஒரு கூட்டுறவாக இணைந்து ஊரின் பெயரிலே ஒரு பொது அடையாளத்தை அமைத்து, தரக் கட்டுப்பாட்டையும் தாமே நடத்துவராயின், செலவு பகிரப்படும். தரகனோடும் தளத்தோடும் பேரம் பேசும் வலிமையும் பெருகும். ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இம்முயற்சிக்கு எழுத்தாலும் கணக்காலும் துணைபுரிதல் அவர்தம் கல்வியின் ஒரு பகுதியாகவே அமையலாம்.

முடிவுரை

வானொலிக் காலத்திற் சிறு உற்பத்தியாளன் சாதனத்துக்கு வெளியே நின்றான். தொலைக்காட்சிக் காலத்தில் மேலும் தொலைவிற் போனான். கைபேசிக் காலத்தில் உள்ளே வந்துள்ளான். ஆயின் உடைமையாளனாக அன்று, குத்தகைக்காரனாகவே வந்துள்ளான். இவ்வுண்மையை உணர்ந்து, சாதனத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதற்கு வெளியிலும் உறவுகளைக் கட்டுவதே அவன் முன்னுள்ள வழி. இளைய தலைமுறையை வெறும் நுகர்வோர் கூட்டமாக மட்டும் நோக்கும் விளம்பரம் ஒரு பெருநாளோடு தீர்ந்துவிடும். தறியில் உழைப்போரின் பிள்ளைகளும் அத்தலைமுறையினரே. அவர்கள் தம் தந்தையின் தொழிலை வெட்கத்தோடு மறைக்காமல் மதிப்போடு எடுத்துக்காட்டும் நாளில்தான் மருதமுனைத் தறிக்கு அடுத்த தலைமுறை வாங்குவோர் மட்டுமன்றி, அடுத்த தலைமுறை நெசவாளரும் கிட்டுவர்.